மூவாயிரத்து அறுபது கிலோமீட்டர்

மார்ச் 3, திங்கள்

என் ஸ்டோர் கீப்பருக்கு,

டப்பாவைத் திறந்ததும் முதலில் இதைப் படியுங்கள், பிறகு சாப்பிடலாம். தாளின் பின்பக்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒளிச்சேர்க்கைக்கு எழுதிய பதில் இருக்கிறது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு நாளாகிறது.

சனிக்கிழமை நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? "அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உங்களைப் பத்திப் பேசப் போறேன்" என்றேன், அவ்வளவுதான். அதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "என்னை என்ன கண்காட்சியிலயா வைக்கப் போறே?" என்று கத்தினீர்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நீங்கள் தட்டைத் தள்ளியதே இல்லை. அன்றிலிருந்து முகம் கொடுத்தும் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வருகிற ஞாயிறு நம் குடியிருப்பின் நாற்பது வீட்டுக்காரர்களும் கூடி, கார் நிறுத்துமிடத்தில் பாதியைச் சைக்கிளுக்கும் உரத்தொட்டிக்கும் விடலாமா என்று கை தூக்கப் போகிறார்கள். இரண்டு வருஷமாக வாளியும் கையுமாகக் கதவு கதவாகத் தட்டி, காய்கறித் தோல் கேட்டு வாங்கியவள் நான். மூன்றாம் மாடி வக்கீல் மாடிப்படியில் வழிமறித்துச் சொல்கிறார்: "டீச்சர், காரை விட்டுட்டு வேலைக்குப் போற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. என் இடத்தை முதல்ல நானே விட்டுக் குடுக்கறேன்."

அந்த ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எட்டு மாதம், நூற்று எழுபது வேலை நாள், போக வரப் பதினெட்டு கிலோமீட்டர். சமையலறைச் சுவரில் இருக்கும் அட்டவணையைக் கூட்டினால் மூவாயிரத்து அறுபது. அதை எழுந்து வாசித்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும்?

டீச்சரம்மா


மார்ச் 4, செவ்வாய்

டீச்சரம்மாவுக்கு,

உன் சட்டப்படி ஒருபக்கத் தாளில்தான் எழுதுகிறேன். பின்பக்கம் பேரிங் வந்த ரசீது. கிடங்கில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், இந்த வயதில் காதல் கடிதமா என்று.

தட்டைத் தள்ளியது தப்பு. கீரை நன்றாகத்தான் இருந்தது. மொட்டைமாடித் தொட்டியில் இத்தனை கீரை விளையும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ பெரிய ஆள்தான்.

ஆனால் கூட்டத்தில் என் பேச்சு வேண்டாம். ஆயிரம் உதிரிபாகத்தின் எண்ணை மனப்பாடமாகச் சொல்வேன், நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உரத்தைப் பற்றிப் பேசு, துணிப்பையைப் பற்றிப் பேசு. என்னை விட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்னவன்


மார்ச் 6, வியாழன்

நேற்று எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கூட்டத்தன்று பளபளவென்று வாசலில் நிறுத்தலாம் என்று உங்கள் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நேற்று உங்களுக்கு வார விடுமுறை, தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஓடின வண்டியாம்மா? புது டயர்ல இருக்கற ரப்பர் முள்ளு கூட முழுசா உதிரலையே. வாங்கி வீட்டுக்குள்ளேயே வெச்சிருந்தீங்களா?" என்றார்.

எட்டு மாதம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்றிலிருந்து மண்டை காய்கிறது. யாருடைய வண்டியில் போய் வருகிறீர்கள்? அது யார், எனக்குத் தெரியக்கூடாத ஆள்? நாளை டப்பா கழுவி வரும்போது அதற்குள் பதில் இருக்க வேண்டும்.


மார்ச் 7, வெள்ளி

டீச்சரம்மாவுக்கு,

யாரும் இல்லை. நம் கார்தான்.

அக்கா ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்ன கார், ஐந்து தெரு தள்ளி மெக்கானிக் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. காலையில் அங்கே வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து கார். அக்காவிடம் சொல்லிவைத்திருந்தேன். நீ போனில் "கார் எப்படி ஓடுது அண்ணி?" என்று கேட்டபோதெல்லாம் அவள் "சூப்பரா ஓடுது" என்றது அதனால்தான். அவள் மேல் கோபப்படாதே.

முதல் பத்தொன்பது நாள் நிஜமாகவே மிதித்தேன். இருபதாம் நாள் மேம்பாலத்து ஏற்றத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நடைபாதையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று வந்து உன்னிடம் சொன்னேன். நீ விடைத்தாள் திருத்திக்கொண்டே "போகப் போகப் பழகிடும்" என்றாய். பிறகு எழுந்து போய் அட்டவணையில் பதினெட்டு என்று எழுதிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு மாதமாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதுவும் உள்ளேயே தங்கிவிடும். சாயங்காலம் ஷெட்டுக் குழாயில் சட்டையின் முதுகை நனைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன்.

என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.


மார்ச் 8, சனி

இன்று டப்பாவில் சாப்பாடு இல்லை. இந்தத் தாள் மட்டும்தான்.

காரை ஒளித்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் தினமும் அந்த முதுகைப் பார்த்து, ஐயோ பாவம் என்று துண்டும் விசிறியும் எடுத்து ஓடி வந்தேனே. நான் விசிற விசிற, குழாய்த் தண்ணீரோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்களே. அதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

நாளை நான் பொய் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்லி உங்கள் மானத்தை வாங்கவும் மாட்டேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் கூட்டத்துக்கு வர வேண்டாம்.


மார்ச் 10, திங்கள்

வர வேண்டாம் என்றேன், வந்துவிட்டீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அன்று மாடிப்படியில் நான் பெருமையாகச் சொல்லிவைத்ததை நினைத்து வக்கீல், "ஏன் டீச்சர், உங்க வீட்டுக்காரரே சைக்கிள்லதானே போறார்? சொல்லுங்களேன்" என்று எடுத்துக்கொடுத்தபோது, நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனுஷன் எழுந்து, நாற்பது வீட்டுக்கும் கேட்கும்படி, "அவங்க மேல தப்பில்ல. நான்தான் அவங்களை ஏமாத்திட்டேன். கார் ஷெட்டுல இருக்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நீங்கள் உட்காரவில்லை, சிரிப்பு அடங்கும்வரை நின்றீர்கள்.

நம் பக்கம் பதினேழு கை, எதிர்ப்பக்கம் இருபத்துமூன்று. இரண்டு வருஷ உழைப்பு போயிற்று. எனக்குக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இருபதாம் நாள் கட்டத்தில் என் கையெழுத்தைப் பார்த்தேன். கால் வலிக்கிறது என்று வந்து நின்றவரைத் தலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பதினெட்டு என்று அழகாக எழுதியிருக்கிறேன். அந்தப் பதினெட்டைப் பொய்யாக்கியதில் எனக்கும் பங்கிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் முதுகை நனைத்துக்கொண்டு வந்தவள்தான்.

மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன். முந்நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மட்டும் மிச்சம். காரைக் கொண்டுவந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசலில் நிறுத்துங்கள். எலும்பு டாக்டரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன், நானும் வருவேன். அட்டவணைக்குப் பக்கத்தில் பென்சில் கட்டிவைத்திருக்கிறேன். இனி அதில் நான் எழுத மாட்டேன்.

சாப்பாடு வைத்திருக்கிறேன். மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.


மார்ச் 11, செவ்வாய்

டீச்சரம்மாவுக்கு,

நம் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கார் நேற்றே வாசலுக்கு வந்துவிட்டது, பார்த்திருப்பாய். இன்று அதை எடுக்கவில்லை. காலையில் இங்கே வரை நடந்து வந்து பேருந்து பிடித்தேன், இப்போது பேருந்திலேயே வந்து இறங்கியிருக்கிறேன். போனது அறுநூறு மீட்டர், இனி நடக்க வேண்டியது அறுநூறு மீட்டர். காலையில் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்கிறது.

இந்த டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, அட்டவணையில் ஒன்றேகால் என்று எழுதாமல், ஒன்று புள்ளி இரண்டு என்றே எழுதுவேன்.

இன்றைக்கு விசிறி வேண்டாம். சட்டை நனையவில்லை.