அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதிய குறிப்பு

12 ஆகஸ்ட் 1981, புதன்

1961 பூனா வெள்ளத்தைப் பற்றிய என் காலேஜ் வரலாற்றுக் கட்டுரைக்கு ஆதாரப் பட்டியலை நாளை கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும், அதை எவ்வளவு நம்பலாம் என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். கடைசியில் அப்பாவிடம் நான் எடுத்த பேட்டியையும் சேர்த்து, இங்கிலீஷில் இப்படி எழுதினேன்: ‘நேரில் பார்த்தவர். நேரமும் தேதியும் குழம்புகின்றன. முழுதாக நம்ப முடியாது.’

மேஜைமேல் கிடந்த அந்த இங்கிலீஷை அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். சாப்பிடும்போது, வெள்ளத்தன்று அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு எந்தத் தெரு வழியாகப் போனீர்கள் என்று கேட்டேன்.

“பேப்பர்ல போட்டிருப்பான்மா, பாத்துக்க” என்றார். சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

குறிப்பைக் கோடுபோட்டு அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன். அது பொய்யில்லையே. ஆனால் அந்தத் தெரு எந்தப் பேப்பரிலும் இல்லை.