குதிரை ஒதுங்கிய இடம்

2009 மே 23, சனி

சண்டை முடிந்து ஐந்து நாளாகியும் வன்னியில் இருந்த தம்பியைப் பற்றித் தகவல் இல்லை. அவன் படத்துக்கு மாலை போடலாமா என்று காலையில் மனைவி கேட்டாள். நான் காரை எடுக்கப் போனேன்.

பேத்தியின் பிறந்தநாளுக்காக டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் வைலே நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போய் ஐஸ்லாந்துக் குதிரைகளில் ஏறினோம். எனக்குச் சாதுவான கிழட்டுக் குதிரையைத் தந்து, வரிசையில் கடைசியாக விட்டார்கள்.

"அப்பப்பா, உங்கட குதிரையும் பென்ஷன் எடுத்திட்டுது!" என்று பேத்தி சிரித்தாள்.

காட்டுக்குள் என் குதிரை திடீரென்று நின்று, பின்னால் பார்த்தது. கூட்டாளி பிந்தினால்தான் இவை இப்படி நிற்கும் என்று வழிகாட்டிப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பாதை வெறுமையாக இருந்தது.

"எல்லோரும் வந்தாச்சா?" என்று அவள் முன்னாலிருந்து டேனிஷில் கேட்டாள். கடைசியில் வருபவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னும் ஒராள் வரவேணும்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

எல்லோரும் காத்து நின்றோம். சற்று நேரத்தில் என் குதிரை ஓரமாக ஒதுங்கி, கண்ணுக்குத் தெரியாத யாரோ கடந்து போக வழி விடுவதுபோல நின்றது. பிறகு தானாகவே நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "மாலை போடுவம்" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். ஒரு குதிரையை நம்பியா நான் அதைச் சொன்னேன்?