கிணற்றுக்குப் போகாத வெள்ளைப் பொடி

அக்கா,

இன்று காலை கடையைத் திறக்கும்போதே பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கில் ஏறியது. தீபத்துக்கு ஊர் தயாராகிறது. வெளியூர் ஜனங்கள் நடக்கும் வழியில், சாக்கடை ஓரமாக, நேராக ஒரு வெள்ளைக் கோடு. பார்த்ததும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. போன கார்த்திகையிலும் இதே கோடுதான். அப்போது நீ இருந்தாய்.

நான் எட்டாவதோடு நின்று அம்மாவின் கற்பூரக் கடையில் உட்கார்ந்தவள். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள். நீ அத்தை மகள், என்னைவிட இரண்டே வயது பெரியவள். காலேஜில் கெமிஸ்ட்ரி. சாயங்காலம் நேராகக் கடைக்கு வருவாய். கற்பூரம் கரையாமலிருக்க அம்மா டப்பாவில் போட்டு வைத்த மிளகைத் திருடிக் கடித்து, முகத்தைச் சுளிப்பாய்.

அப்படி ஒருநாள்தான் கேட்டேன். "மொளகு போட்டும் கரையுது. இந்த ஊர்ல எத்தினி காலமா கொளுத்தறாங்க. அந்த வாசனையெல்லாம் சேந்து நமக்கு மூச்சு முட்டணுமே, எங்க போவுது?"

"எரிஞ்சுதான் போவுது. தீயில்லாம" என்று அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினாய்.

அதிலிருந்து கிளம்பும் குளோரினில் அணுக்கள் ஜோடி ஜோடியாக இருக்குமாம். வெயில் பட்டால் ஜோடி பிரியும். தனியாக நிற்கும் குளோரின் அணுவுக்குப் பொறுமை கிடையாது. எதிரே வரும் கற்பூர ஆவியோ, நெய்ப்புகையோ, மல்லிகை வாசனையோ, எதிலிருந்தாவது ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்தது சும்மா இருக்காது. பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உடைந்து உடைந்து, வாசனையே இல்லாத வேறொன்றாகிவிடும்.

"வழிப்பறிக்காரன்னு சொல்லு."

"காத்துல வேற திருடனுங்களும் இருக்கானுங்கடீ. இவன் ரொம்ப அவசரக்காரன்."

இருவரும் சிரித்தோம். சட்டென்று உன் முகம் மாறியது. "அப்ப இங்க போட்டது வெயில்ல போயி பூவாசனையத் தின்னுட்டிருக்கு. கிணத்துக்கு இன்னா போட்டாங்க?"

எதுவும் போடவில்லை. திருவிழா வந்தால் லாட்ஜுகளின் கக்கூஸ் குழி நிரம்பி, நம் சந்துக் கிணற்றின் பக்கமாகத்தான் வழியும். நீ தெருக் கமிட்டிக்காரரிடம் போனாய். உன் முதுகுக்குப் பின்னால் நான் நின்றேன்.

"காலேஜ் பொண்ணு, கிணத்துல போட்டா யாரு பாக்கப் போறாங்க? ரோட்டுல போட்டாத்தான் ஊருக்குத் தெரியும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தை மாதம் உன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது உனக்கு நினைவில்லை. பிறகு வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது அதே கமிட்டிக்காரர் வந்து, "படிச்ச பொண்ணு, கண்ணு பட்டுடுச்சு" என்றார். யார் கண்? உன்னைக் கொன்றது தண்ணீர் என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். கொதிக்க வைத்துக் குடி என்று என்னை மிரட்டிய நீ, வெயிலில் வந்த அன்று உங்கள் வீட்டுப் பானையிலிருந்த கிணற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்தாய். தடுத்தேன். "ஒரு சொம்புதான்டீ" என்றாய். இவ்வளவு தெரிந்தவளுக்கு அது தெரியாதா?

இன்று கடையை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கமிட்டிக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"கிணத்துக்குப் பவுடர் வேணும்."

"இன்னாது, ஊமைக்கு வாய் வந்துடுச்சா?"

"ஊமைதான். குடுங்க."

அவர் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார். அவர் காலடியிலிருந்த பவுடர்க் கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

"ஏய், வைடீ கீழ!"

"வந்து புடுங்கிக்கோங்க."

அவர் வரவில்லை. வெளியூர் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ சொல்லியிருந்தபடியே வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை நின்று, தெளிந்ததைக் கிணற்றில் ஊற்றினேன். மத்தியானம் சந்தே கூடிவிட்டது.

"காப்பிய வாயில வைக்க முடியல. எவடீ இத ஊத்துனது?"

"நான்தான்" என்றேன். ஆளாளுக்குத் திட்டினார்கள். அப்போது அத்தை குடத்தோடு வந்தாள். நீ போனதிலிருந்து அவள் அந்தக் கிணற்றடிக்கு வந்ததே இல்லை. யாரிடமும் பேசாமல் இறைத்து, இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள்.

"நாறட்டும். குடிங்க."

அந்தப் பொடியின் வீரியம் சீக்கிரம் போய்விடும். மறுபடி கேட்க வேண்டும், கூட்டம் கலைந்து பார்க்க ஆளில்லாத நாளிலும் கேட்க வேண்டும். அந்த ஆளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். அம்மா என் தலையைத் தடவி, கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்கிறாள். ஆறிவிட்டால் நான் எப்படி அக்கா வாயைத் திறப்பேன்?