வீட்டு எண்ணோடு ஒரு செய்தி

13 மார்ச் 1983, ஞாயிறு

இன்று விடுப்புக் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. மாலையில் கிள்ளான் நிருபர் ரெங்கசாமி போன் செய்தார். கட்சியின் கிளைத் தேர்தலில் தலைவரின் ஆட்கள் நாற்காலியை வீசியிருக்கிறார்கள். பக்கிரிசாமி என்ற துறைமுகத் தொழிலாளிக்கு வலது கண் போய்விட்டது. "ஓட்டு எண்ணும்போது பக்கத்துல நின்னு பாக்கணும்னு கேட்டாராம். அவ்வளவுதான்க்கா."

கண் போனது உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். ஆசிரியர் இராமலிங்கம் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'கிளைக் கூட்டத்தில் சலசலப்பு' என்று தலைப்பு வைத்தார். செய்தியிலிருந்து தலைவரும் போனார், கண்ணும் போனது. "ஒரு தரப்பினர், மறு தரப்பினர்னு போடு லா மீனா. தீபாவளிக்கு முழுப்பக்க வாழ்த்து யார் தர்றது?"

கண் எந்தத் தரப்பினருக்குப் போனதாம்? கேட்கவில்லை. பதினாறு வருட வேலை, வாயை மூடப் பழகியாயிற்று.

14 மார்ச்

ஆறு வரி. ஐந்தாம் பக்கம், தைல விளம்பரத்துக்குக் கீழே.

22 மார்ச்

மறுபடியும் ரெங்கசாமி. பக்கிரிசாமியின் மகன் பன்னீர், வயது இருபத்தொன்று, தலைவர் வீட்டு வாசலில் நின்ற காரின் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டானாம். ஆள் மேல் கை வைக்கவில்லை. போலீஸ் பிடித்துப் போயிருக்கிறது.

கைதானவனுக்கு முழுப்பெயர், தகப்பன் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் போட வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதே பெயருள்ள இன்னொருவன் மேல் பழி விழக்கூடாதல்லவா? புதிதாக வருகிறவர்களுக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொடுப்பேன். இன்றும் போட்டேன். வீட்டு எண் 17.

மூன்று பத்தித் தலைப்புக்கு இடம் இருந்தது. கீழே அச்சுக்காரர் அவசரப்படுத்தினார். 'கிள்ளானில் குண்டர் அட்டகாசம்' என்று எழுதினேன். குண்டர் என்று ரெங்கசாமி சொல்லவில்லை, போலீஸும் சொல்லவில்லை. நானாகப் போட்டதுதான். "நல்லாருக்கு" என்றார் ஆசிரியர். எனக்கும் அப்போது நன்றாகத்தான் இருந்தது.

5 ஏப்ரல்

பக்கிரிசாமி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஒரு கண்ணில் கட்டு. சத்தம் போடுவார் என்று பயந்தேன், போடவில்லை. சட்டைப்பையிலிருந்து நறுக்கிய காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"பையன ஜாமீன்ல விட்டுட்டாங்கம்மா. ஆனா பேக்டரில சூப்பர்வைசர் இந்தப் பேப்பரக் காட்டி வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு. குண்டர்னு எழுதினது யாரும்மா?"

"போலீஸ் கொடுத்த செய்திங்க" என்றேன். கூசாமல் சொன்னேன். இப்போது எழுதும்போதுதான் கூசுகிறது.

"என் கண்ணுக்கு ஆறு வரி. தலைவரோட காடிக் கண்ணாடிக்கு மூணு பத்தி." இதைச் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். ஒரு கண்ணோடு படி இறங்குவது இன்னும் பழகவில்லை அவருக்கு. கைப்பிடியைத் தடவித் தடவிப் போனார்.

19 ஆகஸ்ட்

பன்னீர் மேலிருந்த வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. தலைவரே பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டாராம்! யார் யாரை மன்னிப்பது?

பன்னீர், தகப்பன் பெயர், வீட்டு எண் 17, குண்டர் கும்பல் எதிலும் இல்லாதவர். இப்படி முழுதாக எழுதிக்கொண்டு போய் நின்றேன். ஆசிரியர் சிரித்தார். "விடுதலைக்கெல்லாம் யாரு வீட்டு நம்பர் போடுவா?"

தலைவரின் பெருந்தன்மை படத்தோடு மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதன் கடைசி வரியில் 'ஓர் இளைஞர்' விடுதலையானார்.

நான் எழுதிக் கொடுத்தேனே, அது போதாதா? போதாது. தெரியும்.

2 நவம்பர்

தீபாவளி வாழ்த்து வந்துவிட்டது, முழுப்பக்கம். தலைவரின் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஆறு பேர், 'துடிப்புமிக்க இளைஞரணித் தொண்டர்கள்'. அடியில் பெயர்கள். மூன்றாவது பெயர் ப. பன்னீர்.

ரெங்கசாமியைக் கேட்டேன். "ஏழு மாசமா எங்க போனாலும் வேலை இல்லக்கா. பேரச் சொன்னாலே குண்டனான்னு கேக்கறாங்களாம். கடைசில தலைவருதான் கூப்பிட்டு வச்சிக்கிட்டாரு. அப்பாக்காரரு மகன் கூடப் பேசறதில்ல."

வாழ்த்துப் பக்கத்தைப் பிழை பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

18 மார்ச் 1984, ஞாயிறு

ஆசிரியர் ஊரில் இல்லை. சிவப்புப் பேனா இன்று என் கையில்.

ஆறு மணிக்குக் கிள்ளானிலிருந்து போன். அதே கிளை, அதே கூட்டம், மறுபடியும் நாற்காலி. ஒரு லோரி ஓட்டுநருக்கு மண்டை உடைந்து பதினொரு தையல். "வீசினது யாருன்னு நெனைக்கிறீங்க? நம்ம பன்னீர்தான்க்கா."

நம்ம பன்னீர்!

எழுதினேன். முழுப்பெயர், தகப்பன் பெயர், வீட்டு எண் 17. போன வருடம் பொய்யாகப் போட்ட அதே சொல்லை இன்று தாராளமாகப் போடலாம், யாரும் மறுக்க முடியாது. பக்கிரிசாமி மிஞ்சிய கண்ணால் இதையும் படிப்பார். நறுக்கிப் பையில் வைத்துக்கொள்வார். அச்சுக்காரர் கீழேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்.

எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். 'கிளைக் கூட்டத்தில் சலசலப்பு'. ஒரு தரப்பினர், மறு தரப்பினர். ஆறு வரி.

பாவம் பார்த்தேனா? பயந்தேனா? வழக்கம்போல எழுதினேனா? மூன்றும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த லோரி ஓட்டுநரின் பெயரை நான் கேட்கவே இல்லை.