பேசியபடி

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். படூரில் வழக்கம்போல் சாலையெல்லாம் தண்ணீர். ரெயின்கோட் ஆபீசில், நான் வீட்டில்.

இன்று கைக்கு வந்தது எங்கள் டீம் செய்த தொழிற்சாலைப் பேருந்து ஆப். வண்டி எங்கே வருகிறது என்று ஊழியருக்கும் வீட்டாருக்கும் காட்டுவதுதான் அதன் வேலையே. ஒரு தடத்தில் மட்டும் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் மேப்பில் வண்டியின் புள்ளி மறைகிறது. கோளாறு இல்லை, வேண்டுமென்றே மறைத்தது. செய்தவன் பிரபு. வேலையை விட்டுப் போய்விட்டான். கோடில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே சொல்: 'பேசியபடி'.

யார் பேசினார்கள்? யாரோடு? எங்கள் டீமில் பாதி முடிவுகள் டீக்கடையோடு சரி. இந்தச் சொல்லையே தடை செய்ய வேண்டும்.

நவ. 11, செவ்வாய்

பிரபுவைக் கேட்காமல் மறைப்பை எடுக்க வேண்டாம் என்று டீம் லீட் முரளி சாரிடம் சொன்னேன். "காரணம் இருந்தா எழுதியிருப்பான்ல?" என்றார். இவர் எழுதி நான் ஒரு வரி பார்த்ததில்லை. பிரபு போனை எடுக்கவில்லை. மாலையில் முரளியே மறைப்பை நீக்கி ரிலீஸ் செய்துவிட்டார். பற்றிக்கொண்டு வருகிறது.

வாங்க வேண்டியது: தோசை மாவு, குடை.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. பிரபு கூப்பிட்டான். மாமல்லபுரத்தில் தங்கை கல்யாண வேலையாம். மறைப்பை எடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"அத்த ஏன் மச்சான் எடுத்தீங்கோ? அந்த பஸ்ல ஜெயந்தினு ஒரு பொண்ணு வந்துகினு கீது. வுட்டுட்டுப் போன புருசன் ஆப்பப் பாத்து ஸ்டாப்புல வந்து நின்னுகினு இருந்தான். ஆப்புல அவன பிளாக் பண்ணா வேற நம்பர்ல வந்தான். அதான் மறைச்சோம்."

ஏன் எழுதவில்லை என்று கத்தினேன்.

"முரளி சார் ரூம்ல வெச்சுதான பேசுனோம். அவருக்குத் தெரியுமே."

மறைப்பைத் திரும்பப் போட்டுவிட்டு முரளியிடம் போனேன். "ஆமா, என்னவோ பேசின மாதிரிதான் இருக்கு" என்றார். என்னவோ!

நவ. 14, வெள்ளி

வெயில். தொழிற்சாலை டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் மூலம் ஜெயந்தியிடம் பேசினேன். புதன்கிழமை அந்தப் புருஷன் ஸ்டாப்பில் நின்றிருக்கிறான். கூட இறங்கிய பெண்கள்தான் வீடு வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"அன்னிக்கே உங்க ஆபீசாண்ட வந்து ஒண்ணு வுடாம சொன்னேனே சார். மறுபடியும் மொதல்லேருந்து சொல்லணுமா?"