பேனரில் இடம் கிடைக்காத பஸ்

இன்று ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். நம் தெருவில் கண் பரிசோதனை முகாம், அதற்கு ஒரு பேனர் வேண்டும். உள்ளே நுழைந்ததுமே அந்தப் புது மை வாடை மூக்கில் ஏறியது. கடைக்காரர், "எத்தனை பேர் போட்டோ போடணும்க்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மனிதர் மிரண்டுபோனார். பக்கத்தில் நீயும் இருந்திருந்தால் கடையையே மூடியிருப்பார்.

உனக்கா மறந்திருக்கும்? நம் ஊருக்கு மினி பஸ் வந்த புதிது. காலை ஏழே காலுக்குக் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குக் கிளம்பும். எனக்குச் சிறுசேரியில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. கம்பெனி வண்டி ஸ்டேஷன் வாசலில்தான் ஏற்றிக்கொள்ளும். நீ ஸ்டேஷன் பக்கத்தில் துணிக்கடையில் வேலைக்கு இருந்தாய். பஸ்ஸில் நாம் இரண்டு பேர்தான், மகாராணிகள் மாதிரி ஆளுக்கொரு ஜன்னல். கொஞ்ச நாளிலேயே கண்டக்டர் சொல்லிவிட்டார்: "ஆளே ஏறலன்னா மாசக் கடைசியில நிறுத்திடுவாங்கம்மா." பஸ் நின்றால் வேலை போச்சு. நான் வீட்டோடு இருக்கவேண்டும் என்றுதானே என் மாமியார் காத்திருந்தார்!

இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு பேனர் வைத்தோம். வைத்தார்களே பேனர்! மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் கூலிங் கிளாஸோடு. மேலே கைகூப்பும் ஊர்ப் பெரியவர்கள். நடுவில் "அலைகடலெனத் திரண்டு பேராதரவு தருவீர்". பஸ் படத்துக்கு இடமில்லை, பஸ் வரும் நேரத்துக்கும் இடமில்லை. மறுநாள் பால்காரர் வந்து, "யாருக்கும்மா காதுகுத்து?" என்று கேட்டார். நீ நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாய். எனக்கோ அழுகை.

"அட, அழுவாதடி. ஆதரவா கேட்டோம்? பஸ்ல ஏறணும், அவ்ளோதான். அதச் சொல்லலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனாய்.

ஞாயிற்றுக்கிழமை, ரேஷன் கடை வரிசை. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொதுமக்களாகிய நாம்..." என்று ஆரம்பித்தேன். நீ என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, முன்னால் நின்ற அக்காவிடம் திரும்பினாய்.

"இன்னாக்கா, ஆஸ்பத்திரிக்கு எதுல போற?"

"ஆட்டோலதான்."

"ஏன், பஸ்ஸு கீதே?"

"போவ கீது. திரும்பி வர்றதுக்கு? நடந்தா வருவேன்?"

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாயங்காலமும் பஸ் உண்டு என்பதே ஊரில் யாருக்கும் தெரியவில்லை!

"ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்குதுக்கா, நான் டெய்லி அதுலதான் வர்றேன். நாளைக்கு ஏழே காலுக்குக் கோயிலாண்ட வந்துடு. வர்றியா?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"வர்றேன்டி, வுடு!"

உடனே அடுத்த ஆள். பிறகு குழாயடி, டீக்கடை. இருட்டுவதற்குள் உனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் நாம் போய்ச் சேர்வதற்குள் கோயிலருகே திருவிழாக் கூட்டம். பஸ் வந்ததும் முட்டி மோதி ஏறினார்கள். கண்டக்டர் வாயைப் பிளந்தார். படியில்கூட இடமில்லாமல், நம் இருவரை மட்டும் விட்டுவிட்டு பஸ் கிளம்பியே போய்விட்டது! "ஐயோ, லேட்டாச்சே!" என்று நான் கத்த, கட்டிப்போன குரலில் நீ சொன்னாய்: "போவட்டும் வுடுடி. நம்ம பஸ்ஸு."

நீ இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்று கடையில் போட்டோ எதுவும் வேண்டாம் என்றேன். நாள், நேரம், இடம், "கண்ணாடி வேணுமான்னு பார்த்துச் சொல்வாங்க, வாங்க" என்று ஒரு வரி. கடைக்காரருக்கு மனசே இல்லை.

அதே பஸ்ஸில்தான் இன்னும் வேலைக்குப் போய்வருகிறேன். உட்கார இடம் கிடைப்பதே இல்லை. "இன்னா கூட்டம், ஒரே பேஜாரா கீது" என்று ஆளாளுக்குச் சலித்துக்கொள்கிறார்கள். யாராவது என் காலை மிதித்துவிட்டால், எனக்கு மட்டும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறதடி.