ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பிரேக்

செப். 9, திங்கள்
விடியும் முன்பே மழை. புக்கிட் காதிலில் ஒரு தலைப்பிரசவம். ஆள் வந்து கூப்பிட்டார். பிரசவப் பையை எடுத்துக்கொண்டு மோட்டார் காடியில் கிளம்பினேன். காஜா பேராங் தாண்டவில்லை, குறுக்கே ஓர் ஆடு. பிரேக்கை மிதித்ததும் காடி இடது பக்கம் பாய்ந்தது. ஓரமாகப் போன மீன்காரர் சைக்கிளோடு சாக்கடையில். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. கட்டுப் போட்டுவிட்டேன். மனுஷர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.
பிரசவம் நல்லபடி. பையன்.
சாயங்காலம் இவரிடம் சொன்னேன். முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் கட்டை போட்டாயிற்று என்று போன மாதக் கடைசியில் பட்டறையிலிருந்து காடியைக் கொண்டுவந்தவர் இவர்தானே. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"நீ மிதிக்கிற மிதி அப்படி."

செப். 10, செவ்வாய்
இவரையே ஓட்டச் சொன்னேன். இவருக்கும் இடது பக்கம்தான் இழுத்தது. ரோடு சரிவாம்! ரசத்தில் இரண்டு தரம் உப்பு.
பக்கத்து வீட்டு லோரி டிரைவர் அசெங் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கானான் தா மாக்கான், மிஸ்ஸி" என்றார். வலது பக்கம் பிடிக்கவே இல்லையாம். இடது மட்டும் பிடிக்கிறது, அதனால் அந்தப் பக்கமே திரும்புகிறது. ஜாக்கி தருகிறேன் என்றார்.

செப். 11, புதன்
மழை இல்லை. இவர் ஆபீஸ் போனதும் வேலையைத் தொடங்கினேன். காடியோடு வந்த புத்தகம் ஸ்டூல்மேல். பின்சக்கரங்களுக்குக் கல். வலது சக்கரம் கழன்றது. கட்டையை மூடியிருக்கும் டிரம் வரவில்லை. மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டித் தட்டி எடுத்தேன். நகம் ஒன்று பிளந்தது.
உள்ளே எல்லாம் எண்ணெய். கட்டை தேய்ந்து, பிரேக் எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போய். புதுசாம் இது!
இடதையும் கழற்றிப் பார்த்தேன். அதில் புதுக் கட்டை, மஞ்சள் நிறம்கூட மாறவில்லை.
ஒரு பக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்.
காடியை ஜாக்கியிலேயே விட்டுவிட்டுக் கை கழுவினேன்.

செப். 12, வியாழன்
பட்டறைக்குப் பஸ்ஸில் போனேன். பட்டறைக்காரர் இவருடைய கூட்டாளி. ஏமாற்றிவிட்டார் என்றுதான் கத்தப் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.
"அன்னிக்கு ஒரு பக்கத்துக்குத்தான் சாமான் இருந்துச்சு, மிஸ்ஸி. இன்னும் நாலு நாள் விடச் சொன்னேன். சார்தான் மெர்டேக்கா பார்க்க கோலாலம்பூர் போவணும், இப்ப இது போதும்னாரு."
நாலு கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சுதந்திரக் கொடி ஏறுவதைப் பார்த்து வந்தார். எனக்குத் தொப்பிகூட வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் போட்டாச்சு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.
வலதுக்குக் கட்டை, எண்ணெய் கசியும் இடத்துக்கு ரப்பர், பிரேக் எண்ணெய் ஒரு டின். வாங்கினேன்.

செப். 13, வெள்ளி
ரப்பர் மாற்றினேன். டிரம்மைத் துடைத்தேன். புதுக் கட்டை. மூன்றாம் தரம்தான் ஸ்பிரிங் உட்கார்ந்தது. கையெல்லாம் ரத்தக் கீறல்.
பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆபீசிலிருந்து வந்தவரை, சட்டை மாற்றக்கூட விடாமல் காடியில் உட்காரவைத்தேன். நான் சக்கரத்தடியில், ரப்பர் குழாயும் ஜாம் போத்தலுமாக.
"மிதிங்க. பிடிச்சுக்குங்க. விடுங்க."
இருபது தரமாவது இருக்கும். சொன்னதைச் செய்தார். நடுவில், தலையை வெளியே நீட்டாமலே, "அந்த வாரம் உனக்குப் பிரசவம் எதுவும் இல்ல, வந்ததும் மாத்திக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.
"புள்ளைங்க உங்களைக் கேட்டுட்டா பொறக்குது? மிதிங்க."
மிதித்தார்.

செப். 14, சனி
இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இறுக்கம் வைத்தேன். கையால் சுற்றினால் லேசாக உரச வேண்டும் என்கிறது புத்தகம். உரசியது.
ஆள் இல்லாத ரோட்டில் அழுத்தி மிதித்தேன். நேராக நின்றது. மறுபடி. மறுபடி. ஏழு தரம். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக்கூடப் பார்த்தேன். அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.
எண்ணெய்க் கறை போகச் சோப்பு வாங்கணும். அசெங்கிடம் ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கணும்.

செப். 15, ஞாயிறு
மத்தியானம் தெங்கேராவிலிருந்து ஆள் வந்தார். பனிக்குடம் உடைந்துவிட்டதாம். இவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நானே ஓட்டட்டுமா, உன் கையெல்லாம் காயமா இருக்கு என்றார். கையை நீட்டினேன். கொடுத்தார்.
பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றி வந்தது. நேரத்தில் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தது. ஐந்து நிமிஷம் பிந்தியிருந்தால்.
திரும்பி வந்தால், இவர் சோறு வடித்து, கருவாடு பொரித்து வைத்திருக்கிறார். சாப்பிட்டேன். காடிச் சாவி என் பையிலேயே இருக்கட்டும்.